எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லுங்கள்

எங்கள் சத்துணவு மையத்தின் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. உலை கொதிப்பதற்கு முன்னால் அதில் எழுதியாக வேண்டும். இன்று சாப்பிடும் பிள்ளைகள் எத்தனை பேர், அரிசி எத்தனை கிலோ, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, முட்டை எத்தனை. பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். எந்த அதிகாரி எப்போது வந்தாலும் இருப்பறையைத் திறந்து காட்ட வேண்டும். பிள்ளையைப் பெற்றவர்கள் யாராவது வந்து, "இன்னைக்கு என்னக்கா போடுறீங்க?" என்று கேட்டால் அண்டாவின் மூடியைத் திறந்து காட்டுவேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்றால் நூறு கிராம். கணக்கு ஒரு கிலோ இடித்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

மகளுக்குக் கல்லூரி தேடி மே மாதத்திலிருந்து ஏழு இடம் ஏறி இறங்கிவிட்டேன். ஆறு இடத்தில் ஒரு மூடியைக்கூட யாரும் திறந்து காட்டவில்லை.

முதலில் போன கல்லூரியில் வரவேற்க ஆள் இருந்தார். ஏ.சி. அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, டி.வி.யில் கல்லூரிப் படம் போட்டார்கள். நுழைவாயில், பஸ் வரிசை, உடற்பயிற்சிக் கூடம், ஆண்டு விழாவுக்கு வந்த சினிமாக்காரர். படம் முடிந்ததும் கேட்டேன். "சார், இந்தப் படிப்புக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே?"

"எல்லா பெரிய ஹாஸ்பிட்டலோடயும் டை-அப் இருக்கும்மா."

"எந்த ஆஸ்பத்திரி?"

"எல்லாமே நல்ல ஹாஸ்பிட்டல்தாம்மா, கவலையே படாதீங்க."

"ஒரே ஒரு பேரு சொல்லுங்க சார்."

மேஜை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். துறைத் தலைவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவரையே பார்த்துவிடலாமா என்றேன். லீவு. ஆய்வகத்தையாவது பார்க்கலாமா என்றேன். பூட்டியிருக்கிறது, சாவி அவரிடம். ஆனால் இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்வார்களாம். மூன்று வருஷம் என் பிள்ளை எங்கே நின்று வேலை கற்றுக்கொள்ளும் என்று கேட்டதற்குத் தள்ளுபடி சொல்கிறார்கள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

எதற்காக இப்படி ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று கேட்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். போன தீபாவளிக்கு அப்புறம் என் மாமனாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, திருச்சியில் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் வைத்திருந்தோம். இருபது வருஷச் சர்க்கரை. சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். என்ன கட்டுப்பாடு என்றால் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். முழுக்க இங்கிலீஷ். ஓட்ஸ், ஆப்பிள், ப்ரோக்கலி. துறையூர்ச் சந்தையில் ப்ரோக்கலியை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ரெண்டு இளநீர், ஒரு சீப்பு வாழைப்பழம். "உடம்புக்குக் குளிர்ச்சி, குடிங்க மாமா." பாசத்தில்தான் கொண்டுவந்தார்கள். நாங்களும் பாசத்தில்தான் வெட்டிக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறிக் கிடந்தது. நர்ஸ் ஓடி வந்தார். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது, அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சத்துணவு போட்டவள் நான். எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஒரு பிள்ளை வந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். டயட்டீஷியன் என்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, வீட்டுல காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று ஆரம்பித்தது. கம்மங்கூழ், மோர் மிளகாய், மதியம் புளிக்குழம்பு, ராத்திரி ரெண்டு இட்லி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. அவர் சாப்பிடுகிற சாப்பாட்டுக்குள்ளேயே புகுந்து எதைக் குறைக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னது. காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள், பொட்டாசியம் பாதி அதிலேயே போய்விடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். பருப்பு இவ்வளவுதான் என்று ஒரு கரண்டியைக் காட்டியது. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பார்கள், நல்லது என்று நினைத்து அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள், சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருப்பார்கள் என்றது. அந்த உப்புப் பாக்கெட் எங்கள் வீட்டு அடுப்படியில் உடைக்காமல் இருந்தது. என் கொழுந்தனார் மெனக்கெட்டு வாங்கி வந்தது.

மகள் கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில், "அந்த அக்கா என்னம்மா படிச்சிருப்பாங்க?" என்றாள். அன்றைக்குப் பிடித்தது. அந்த அக்கா படித்த படிப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அது எந்தப் படிப்பு என்று அடையாளம் காண்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஒரு கல்லூரியில் நியூட்ரிஷன் அண்டு டயட்டெடிக்ஸ். அடுத்ததில் ஃபுட் சயின்ஸ் அண்டு நியூட்ரிஷன். இன்னொன்றில் கிளினிக்கல் நியூட்ரிஷன். வேறொன்றில் உணவுச் சேவை மேலாண்மையையும் சேர்த்து ஒரு முழ நீளத்துக்குப் பெயர். பழைய மகளிர் கல்லூரிகளில் மனையியல், அதற்குள் ஒரு பங்கு ஊட்டச்சத்து. இதோடு ஃபுட் டெக்னாலஜி, கேட்டரிங் சயின்ஸ். சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவர், "எல்லாம் ஒண்ணுதாம்மா, பேரு மட்டும்தான் வேற" என்று என்னிடம் சொன்னார். ஒன்றே இல்லை. ஃபுட் டெக்னாலஜி படித்தவர் பிஸ்கட் ஆலைக்கும் பால் பண்ணைக்கும் போவார். கேட்டரிங் படித்தவர் ஓட்டலுக்குப் போவார். நோயாளியின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்து அவர் தட்டில் என்ன விழ வேண்டும் என்று சொல்கிற படிப்பு வேறு. கர்ப்பிணிக்கும் அங்கன்வாடிக் குழந்தைக்கும் திட்டம் போடுகிற படிப்பு அதற்குப் பக்கத்தில் இருந்தாலும் அதுவும் வேறு. இந்த நான்கும் ஒன்று என்று சொல்லி ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் கையெழுத்தை வாங்கலாமா?

பெயர்தானே என்று விடவும் முடியாது. என்னோடு வேலை பார்க்கும் அமைப்பாளரின் மகள் மூன்று வருஷம் படித்து, முதல் வகுப்பில் தேறினாள். அரசு வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, அறிவிப்பில் கேட்ட பட்டத்தின் பெயர் ஒன்று, இவள் சான்றிதழில் அச்சாகியிருந்த பெயர் வேறு. இது அதற்கு இணையான படிப்பு என்று அரசாணை இருக்கிறதா என்று தேடினார்கள். பல்கலைக்கழகத்துக்கு நாலு தடவை, சென்னைக்கு ரெண்டு தடவை அலைந்தார்கள். கடிதம் கையில் வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்தப் பெண் இப்போது ஒரு ஜிம்மில் புரதப் பொடி டப்பா விற்கிறாள். சேரும்போது, "இந்தப் பெயருக்கு இணைச் சான்று உண்டா?" என்று கேட்க அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது கல்லூரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இல்லையா? தெரிந்தே சொல்லாமல் விட்டார்களா என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்குள்ளே ஒரு போர் தனியாக நடக்கிறது. "சோறாக்குறதுக்கு ஒரு டிகிரியா அண்ணி? அதுக்கு நீங்களே சொல்லிக் குடுக்கலாமே" என்கிறார் கொழுந்தனார். நாத்தனார், பேசாமல் பி.காம். போடச் சொல்கிறார், பேங்க் பரீட்சை எழுதலாமாம். இளநீர் கொடுத்துப் பொட்டாசியத்தை ஏற்றிய குடும்பம் நாங்கள். அந்த உப்புப் பாக்கெட்டும் எங்கள் அடுப்படியில்தான் இருந்தது. அதற்குப் பிறகும் இப்படிப் பேசினால் நான் என்ன சொல்லட்டும்?

சமைக்கத் தெரிவது வேறு, சத்து தெரிவது வேறு என்பதை என் வேலையிலேயே தினமும் பார்க்கிறேன். செறிவூட்டிய அரிசி வர ஆரம்பித்தபோது, பெற்றோர் கும்பலாக மையத்துக்கு வந்துவிட்டார்கள். அரிசியைத் தண்ணீரில் போட்டால் ரெண்டு மணி மிதக்கிறது, பிள்ளைக்குப் பிளாஸ்டிக் அரிசி போடுகிறீர்கள் என்று சண்டை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவிலேயே செய்து, நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பது அது. ஒருநாள் பயிற்சியில் எனக்குச் சொன்னதை நானும் அவர்களுக்குச் சொன்னேன். ஒரு அம்மா கேட்டார், "எங்க பிள்ளைக்கு ரத்தசோகையே இல்லையே, எதுக்கு இரும்பு?" அதற்குமேல் எனக்குப் பதில் தெரியவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த வரிசையில் நின்று சண்டை போட்ட தாய்மார்களில் பாதிப் பேருக்கு இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. அன்று அந்த இடத்தில், என் மாமனாரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததே, அதைப் போல ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும்.

இந்தப் படிப்புக்கு நம் மண்ணில் வேர் இல்லாமல் இல்லை. மகள் நூலகத்தில் எடுத்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். 1918இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் தொடங்கியதுதான், 1958இல் ஐதராபாத்துக்குப் போய் இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பிச் சாப்பிட்டவர்களைப் பிடித்த நோய் பெரிபெரி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கிற பி1 அரிசிக்குள் இறங்கிக்கொள்ளும். அதனால் புழுங்கல் அரிசி தின்ற ஊர்கள் தப்பின. நாங்கள் தினமும் உலையில் போடுவது அந்தப் புழுங்கலைத்தான். இந்திய உணவுகளில் எதில் என்ன சத்து என்று அட்டவணை போட்டு 1971இல் வந்த புத்தகத்தை, படித்தவர்கள் இன்றும் 'கோபாலன் புத்தகம்' என்கிறார்கள். அந்த டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். செங்கத்தில் பிறந்த ராஜம்மாள் தேவதாஸ், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி, கோவையில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தெடுத்தார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சோறு போட வேண்டும் என்று 1920இலேயே சென்னை மாநகராட்சி தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த பாப்பாக்குறிச்சி, எங்கள் மாவட்டத்தில், திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இவ்வளவு இருக்கிற மாநிலத்தில், இந்தப் படிப்பை எங்கே ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு தாய் ஏழு பஸ் ஏற வேண்டுமா?

கோவைக்கே அனுப்பினால் என்ன என்று கேட்பார்கள். ஹாஸ்டல், சாப்பாடு, மாதம் ரெண்டு தடவை பஸ். வீட்டுக்காரர் நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மாமனாரின் மருந்துச் செலவு தனி. மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் சமுதாய அறிவியல் கல்லூரியில் நான்கு வருஷப் படிப்பு. அதற்கும் போட்டிருக்கிறோம், தரவரிசை வர வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். அது எவ்வளவு பெரிய தைரியம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பக்கத்தில் இருக்கிற தனியார் கல்லூரியில் வருஷத்துக்கு அறுபத்தைந்தாயிரம் கேட்கிறார்கள். கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. நகையை வைத்தாவது கட்டுவேன். எதற்குக் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள் என்கிறேன்.

மூன்றாவதாகப் போன கல்லூரியில் ஒரு புதுப்பேச்சு கேட்டேன். நேரில் வரவே வேண்டாம், வீட்டிலிருந்தே தபாலில் படித்து டயட்டீஷியன் ஆகலாம், அதற்கும் தங்களிடம் வழி இருக்கிறது என்றார் ஒருவர். 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, ஊட்டச்சத்துப் படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்கு அடிப்படை 2021இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம். மருத்துவர், செவிலியர் அல்லாத மற்ற மருத்துவத் துறைப் பணியாளர்களுக்கு ஒரு தேசிய ஆணையம் அமைத்த சட்டம் அது. டயட்டீஷியனும் ஊட்டச்சத்து நிபுணரும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். சுகாதார நிபுணர்களுக்கான பட்டப்படிப்பு என்றால் குறைந்தது 3,600 மணி நேரம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இதை நான் அவரிடம் சொன்னேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, யாரோ பயமுறுத்தியிருக்காங்க" என்றார். அந்த அறையில் இன்னும் மூன்று குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஒரு அப்பா பணத்தை ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் வைத்திருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நம்பினாரா தெரியவில்லை.

இன்னொரு உண்மையும் எந்த நோட்டீஸிலும் இல்லை. மூன்று வருஷம் பி.எஸ்சி. முடித்த கையோடு பெரிய மருத்துவமனையில் டயட்டீஷியனாக உட்கார்ந்துவிட முடியாது. எம்.எஸ்சி. அல்லது முதுநிலை டிப்ளமோ கேட்கிறார்கள். இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் தேர்வை எழுதி, பெயருக்குப் பின்னால் ஆர்.டி. என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால், மருத்துவமனையில் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். ஆக, நான் திட்டம் போட வேண்டியது ஐந்து வருஷத்துக்கு மேல். மூன்று என்று நினைத்துப் பணம் ஏற்பாடு செய்தவர்கள் நடுவழியில் நிற்பார்கள். ஆண்டு விழாவுக்கு வந்த நடிகரின் படத்தை அரைப் பக்கத்துக்குப் போடுகிறவர்களுக்கு இந்த நாலு வரியை அச்சடிக்க இடம் இல்லை.

'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்பதற்கு மட்டும் எல்லா நோட்டீஸிலும் இடம் இருக்கிறது. ஒரு கல்லூரிச் சுவரில் வேலை கிடைத்த பிள்ளைகளின் படத்தை வரிசையாக மாட்டியிருந்தார்கள். மகள் கிட்டே போய் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஊட்டச்சத்துத் துறைப் பிள்ளைகள் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் கால் சென்டர். ரெண்டு பேர் தனியார் பேங்க். கால் சென்டர் வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை, அதுவும் உழைப்புதான். ஆனால் உயிர்வேதியியலும் உடலியங்கியலும் மூன்று வருஷம் மனப்பாடம் பண்ணிய பிள்ளை ஹெட்போன் மாட்டிக் கடன் வசூல் பேசுவதை, இந்தப் படிப்பின் வெற்றி என்று சுவரில் மாட்டலாமா? மகள் திரும்பி வந்து ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா மகன் நிலைமை இன்னும் மோசம். ரெண்டு வருஷம் முன்னால் அவனும் இதைத்தான் கேட்டான். ஊட்டச்சத்துத் துறை இருக்கிற கல்லூரிகளில் பாதிக்கு மேல் மகளிர் கல்லூரி. ஆண் பிள்ளையைச் சேர்க்கும் கல்லூரி அவன் போகக்கூடிய தூரத்தில் ஒன்றுகூட இல்லை. சிறுநீரகம் ஆம்பிளைக்கும் கெடுகிறது, ஆம்பிளைக்கும் சர்க்கரை வருகிறது. 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் இருக்கிற நாட்டில், சாப்பாட்டைப் பற்றிப் படிப்பது பெண் பிள்ளைக்கு மட்டும் என்று யார் கோடு போட்டார்கள்? அவன் இப்போது இயற்பியல் படிக்கிறான்.

ஏழாவதாகப் போனது ஒரு பழைய அரசு உதவி பெறும் கல்லூரி. டி.வி. இல்லை, டீ இல்லை. வராந்தாவில் பெஞ்சில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு துறைத் தலைவரே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் கேள்வியைக் கேட்டதும், "வாங்க" என்று கூட்டிப்போய் ஆய்வகத்தைத் திறந்தார். கிராம் தராசு, அளவுக் கோப்பைகள், உயரமும் எடையும் பார்க்கிற கருவி, அட்டை கிழிந்து ஒட்டுப் போட்ட கோபாலன் புத்தகம் ஆறு பிரதி. அதன் பக்கத்தில் 2017இல் வந்த புதிய உணவுச் சத்து அட்டவணை ஒன்று. ஒரு மூலையில் கேஸ் அடுப்பும் இட்லிச் சட்டியும். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் எழுதிய நோட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சர்க்கரை உள்ள ஒரு கட்டடத் தொழிலாளிக்கு ஒரு நாள் உணவுத் திட்டம். கூலி வேலைக்குப் போகிறவர், மதியம் ஓட்டலில்தான் சாப்பிடுவார் என்பது வரைக்கும் யோசித்து எழுதியிருந்தது அந்தப் பிள்ளை.

"ஆஸ்பத்திரி எதுங்க மேடம்?" என்றேன்.

பெயரைச் சொன்னார். ஒரே ஒரு ஆஸ்பத்திரி. "மூணு வாரம்தாம்மா விடுறாங்க. அது பத்தாது. எனக்கே தெரியும். நாலு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன், பதில் வரலை. அதுக்கு மேல பிள்ளைங்கதான் லீவுல தேடிப் போறாங்க. ரெண்டு ஆசிரியர் இடம் காலியா இருக்கு, கெஸ்ட் லெக்சரர வச்சு ஓட்டுறோம்." மகளைப் பார்த்து, "கெமிஸ்ட்ரி பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்கும் என்றாள். "அப்ப கஷ்டப்பட மாட்டே."

அந்த அம்மாவைக் கும்பிட்டேன். குறையைக் குறை என்று சொன்ன ஒரே ஆள். ஆனால் மூன்று வாரம் பத்தாது என்று அவரே சொல்கிறார். அதோடு அங்கே ஹாஸ்டல் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை மணி நேரம். ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் பிள்ளை ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். படம் காட்டிய கல்லூரிக்காரர்கள் வாசலுக்கே பஸ் விடுகிறார்கள். அங்கே பஸ் இருக்கிறது, ஆய்வகச் சாவி இல்லை. இங்கே சாவி இருக்கிறது, ஆசிரியர் இடம் காலி. நல்லது எல்லாம் ஒரு இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எது எங்கே இருக்கிறது, எது இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.

ஒரு பலகை போதும். துறை வாசலில், சேர்க்கை நடக்கிற ரெண்டு மாதமாவது. பட்டத்தின் பெயர் சான்றிதழில் எப்படி அச்சாகும், அதற்கு இணைச் சான்று உண்டா. நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அவர்களில் ஊட்டச்சத்து படித்தவர் எத்தனை பேர். பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வாரம். போன மூன்று வருஷத்தில் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் இதே துறையில் வேலையில் இருக்கிறார்கள். அரிசிக்கும் முட்டைக்கும் நான் தினமும் எழுதுகிறேனே, சாக்பீஸில், கையெழுத்தோடு. ஒரு நாள் எழுதாமல் விட்டால் எனக்கு மெமோ வரும். இவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை எழுதக் கூடாதா?

மகள் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஏழு கல்லூரி, எட்டுக் கேள்வி. ஐம்பத்தாறு கட்டத்தில் நிரம்பியது இருபத்தொன்று. அதில் எட்டு, அந்த ஏழாவது கல்லூரியுடையது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்துக்கு ஐம்பது ரூபாய் கட்டிவிட்டோம், அதில் ஐந்து கல்லூரி வரை குறிக்கலாம். நான்கைக் குறித்தாயிற்று. ஐந்தாவது ஒரு கல்லூரிக்கு மூன்று நாளாகப் போன் போடுகிறாள். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. நாளைக்கு முதல் வாரச் செவ்வாய், மையத்தில் கொண்டைக்கடலை புலாவும் தக்காளி மசாலா முட்டையும். காலை ஏழு மணிக்குக் கடலை ஊறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பொறுப்பைச் சமையலக்காவிடம் சொல்லி, அரைநாள் லீவு எழுதிக் கொடுத்து, அந்த ஐந்தாவது கல்லூரிக்கு நேரிலேயே போகிறோம். துறைத் தலைவர் லீவாக இருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பேன்.